பட்டவனே துணைவன்

கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 பெருந்தெரு நமது நாவுல ஊடாகவே செல்கின்றது. 1983 தொடக்கம் 2009 வரை நிகழ்ந்த போர்க்காலத்தில், துப்பாக்கி ஏந்திய இளைஞர் பலர் இத்தெருவழியே வடக்கு நோக்கிச் சென்றனர். திரும்பி வந்தோருள் காலிழந்தவரை நாம் கண்டு இரங்குகின்றோம். உறக்கமிழந்தவரையோ நாம் காண்பதில்லை. வெடியோசை கேட்டால் நடுங்குபவன், மதுவில் மறதி தேடுபவன், வீட்டாரைப் பிரிந்து பஸ் நிலையத்து விறாந்தையில் படுத்துறங்குபவன் ஆகியோரை நாம் 'குடிகாரன்' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகின்றோம்.

நமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் கட்டணமில்லை. இருந்தும் இத்தகையோர் ஏன் அங்கு செல்வதில்லை? வீடற்றவனுக்குக் கிளினிக் கொப்பியை வைக்கவும் இடமில்லை. குறித்த தினம் தவறுகின்றது. மறுமுறை சென்றால் ஏச்சுக் கேட்க நேருமோ என்று அஞ்சுகின்றான். வீரன் என்று பெயர் பெற்றவன், மனம் நொந்தது என்று வாய்விட்டுச் சொல்ல நாணுகின்றான். இவ்வாறு, திறந்திருக்கும் கதவும் அவனுக்கு அடைத்த கதவாகின்றது.

இக்கதவைத் திறக்கும் வழியை அமெரிக்காவின் அனுபவம் ஓரளவு காட்டுகின்றது. வியட்நாம் போரில் ஈடுபட்டுத் திரும்பிய வீரர் சிலர், 1988இல் சான் டியாகோ நகரில், தெருவில் வாழ்ந்த தம் தோழருக்காகக் கூடாரங்கள் அமைத்தனர். மூன்று தினங்கள் உணவும் உடையும் மருத்துவமும் சட்ட உதவியும் அங்கே ஒருங்கே கிடைத்தன. பின்னர் அந்நாட்டின் முன்னாள் படைவீரர் திணைக்களமே, நோயுற்றுத் தேறிய வீரர்களைப் பயிற்றுவித்துச் சம்பளத்துடன் துணைவராக அமர்த்தலாயிற்று. 2008ஆம் ஆண்டுச் சட்டமொன்று அவர்களுக்குரிய தகுதிகளையும் வகுத்தது. 2010இல் ஏறத்தாழ 74,000 ஆக இருந்த வீடற்ற வீரர் தொகை, 2024இல் ஏறத்தாழ 33,000 ஆகக் குறைந்தது. வாடகை உதவியே இதற்குப் பெருங்காரணம்; எனினும் அவ்வுதவியையும் மருந்தையும் உரியவனிடம் சேர்ப்பதற்கு நம்பிக்கைக்குரிய ஒருவர் வேண்டுமன்றோ?

துணைவன் செய்யும் பணிதான் யாது? வைத்தியரிடம் உடன் செல்கின்றான், வரிசையில் அருகிருக்கின்றான், மருந்து வேளையை நினைவூட்டுகின்றான், "எனக்கும் இவ்வாறே இருந்தது" என்று கூறுகின்றான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பர் நம் முன்னோர். தனக்கு வந்து தேறியவனது சொல்லுக்கு, கற்றறிந்தோர் நூறு பேர் உரைக்கும் புத்திமதிக்கு இல்லாத வலிமை உண்டு.

ஆயின் ஓர் எச்சரிக்கை. துணைவன் வைத்தியனாகான். உயிரை மாய்க்க எண்ணுபவனை உடனே வைத்தியரிடம் சேர்ப்பதே அவன் கடமை. பிறர் துயரைக் கேட்டுக் கேட்டு அவனது பழம்புண்ணும் திறக்கக்கூடும். ஆதலின் அவனுக்கும் பயிற்சியும் ஓய்வும் மேற்பார்வையும் வேண்டும்.

நமது நாட்டில் படைவீரர் நலனுக்கென 1999இல் ரணவிரு சேவா அதிகாரசபை சட்டத்தால் நிறுவப்பட்டது. மறுபுறம், போர் முடிந்தபின் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முகாம்களைக் கடந்து ஊர் திரும்பினர். எத்தரப்பில் நின்றவராயினும், இரவில் வரும் கனவு ஒன்றே. இருதரப்பிலும் தேறியவர் பலர் உளர். அவர்களைத் தேடிப் பயிற்றுவித்து, மாவட்ட வைத்தியசாலைகளின் மனநலக் கிளினிக்குகளோடு இணைத்தல் வேண்டும் என்பதே நமது விண்ணப்பம். இதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை.

குடும்பத்தினரும் மாணவரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. தெருவோரத்தில் அத்தகைய ஒருவரைக் கண்டால் இகழ்ச்சிச் சொல்லைத் தவிர்ப்போம், "சாப்பிட்டீர்களா?" என்று வினவுவோம். 1926 என்னும் தேசிய மனநல உதவித் தொலைபேசி எண்ணை மனத்தில் இருத்துவோம். அவர் சென்ற தெரு நமது தெருவே. அவர் வீடு திரும்பும் வழியும் அதுவாகட்டும்.