அரை மணி முன்னதாகக் கிளம்புவோம்

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், புவனேசுவரத்தில் உள்ள நம் வீடுகளில் விருந்தாளிகள் வரத்து ஆரம்பமாகிவிடும். ஊரிலிருந்து அக்கா வருவார், சம்பந்தி வருவார், சித்தப்பா பிள்ளை குடும்பத்தோடு வருவார். யார் வந்தாலும் நாம் அழைத்துப் போகும் வழி ஒன்றுதான். முதலில் பூரி ஜகந்நாதர், அங்கிருந்து கடலோரச் சாலையில் கோணார்க், திரும்பும்போது நிமாபாராவில் சேனா ஜிலி, பிப்பிலியில் ஒட்டுத்துணி வேலை செய்த குடையும் பையும். நானும் இத்தனை வருஷங்களில் இந்தச் சுற்றை எத்தனை முறை சுற்றினேன் என்பதற்குக் கணக்கில்லை.

பூரிக்கும் கோணார்க்குக்கும் நடுவே உள்ள 35 கிலோமீட்டரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். மெரீன் டிரைவ் என்று நாம் சொல்லும் இந்தச் சாலை ஒரு சரணாலயத்துக்குள் போகிறது என்பது நம்மில் பலருக்கு நினைவிருப்பதில்லை. பாலுகண்ட்-கோணார்க் சரணாலயம் 1984-ல் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 72 சதுர கிலோமீட்டர். மணல் நகராமல் இருக்க நட்டு வளர்த்த சவுக்கும் முந்திரியும்தான் அந்தக் காடு. அதில் புள்ளிமான்கள் இருக்கின்றன. முறுக்குக் கொம்பு வெளிமான்கள் அங்கே அற்றுப்போய், 2023-ல் நந்தன்கானனிலிருந்து கொண்டுவந்து மறுபடி விட்டார்கள். 2019 மே 3-ந் தேதி வீசிய ஃபானி புயலில் மரங்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்ததை நாமெல்லாம் பார்த்தோம். மிஞ்சிய காட்டில் மிஞ்சிய பிராணிகள் பிழைத்துக் கிடக்கின்றன. அவற்றின் வீட்டு நடுவே நம் கார் போகிறது.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன், டிசம்பர் கடைசியில், சந்திரபாகா கடற்கரையில் சூரியோதயம் பார்ப்பதற்காகப் பூரியிலிருந்து கிளம்பினோம். ஐந்தேகாலுக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. காபி, ஸ்வெட்டர், குல்லாய் என்று ஆளாளுக்குத் தேடி முடிப்பதற்குள் மணி ஐந்து ஐம்பது. மாப்பிள்ளை ஓட்டினார். நான் முன் ஸீட்டில். முள் எண்பதைத் தாண்டியதைப் பார்த்தேன். "கொஞ்சம் மெதுவா போங்க மாப்பிள்ளை" என்று சொல்ல வாய் வரை வந்தது. சம்பந்தி அம்மாள் பின்னால் உட்கார்ந்திருக்கிறார், மாப்பிள்ளையை எப்படிச் சொல்வது என்று விழுங்கிவிட்டேன்.

முந்திரிப் புதரிலிருந்து ஒரு பெண் மான் குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தும் இடித்துவிட்டது. இறங்கிப் பார்த்தபோது, பின்னங்காலை இழுத்துக்கொண்டு புதருக்குள் போய் மறைந்தது. மாப்பிள்ளை முகம் வெளுத்து நின்றார். வனத்துறை ஆட்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி, ஏறுங்க, உதயம் போயிடும்" என்றேன். கடற்கரையில் எல்லோரும் சூரியனைப் பார்த்தோம். பேத்தி மட்டும், "அது வீட்டுக்குப் போயிருக்குமா தாத்தா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் பதில் சொல்லவில்லை.

மற்றவர் செய்தால் தெரியாமல் செய்தார் என்று விடலாம். நான் டிப்ளமோ படித்துவிட்டு ரயில்பாதைப் பராமரிப்பில் 38 வருஷம் வேலை பார்த்தவன். பாதையில் எங்கே பலவீனம் இருந்தாலும் காஷன் ஆர்டர் கொடுப்போம். மெயிலோ எக்ஸ்பிரஸோ, போர்டில் முப்பது என்று போட்டிருந்தால் முப்பதில்தான் போக வேண்டும். ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறதா என்று டிரைவர் பார்ப்பதில்லை. தெரியாது என்பதால்தான் அந்த ஆர்டரே. 2012 டிசம்பர் கடைசியில் கஞ்சம் மாவட்டத்தில் ரம்பா அருகே கோரமண்டல் எக்ஸ்பிரஸில் யானைக் கூட்டம் அடிபட்டது நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஓடும் ரயிலை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, விலக்கி ஓட்டவும் முடியாது. காரில் இரண்டும் முடியும். அதற்கு வேகம் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். எண்பதில் போகும் கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகும். பிறகு வண்டி நிற்க, நல்ல உலர்ந்த ரோட்டிலேயே இன்னும் 35 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் ஐம்பதைத் தாண்டுகிறது. நாற்பதில் போனால் எல்லாம் சேர்த்து 20 மீட்டரில் நின்றுவிடும். வேகம் பாதியானால் பிரேக் தூரம் கால்வாசியாகும். மான் குறுக்கிடுவது பெரும்பாலும் விடியற்காலையிலும் அந்தியிலும், நமக்குக் கண் மங்கலாகத் தெரியும் நேரத்தில். சரி, இந்தப் பாதுகாப்புக்கு நாம் கொடுக்கும் விலை என்ன? 35 கிலோமீட்டரை எண்பதில் கடக்க 26 நிமிஷம், நாற்பதில் 52 நிமிஷம். வித்தியாசம் அரை மணிகூட இல்லை. அன்றைக்கு நாங்கள் குல்லாய் தேடிய நேரம்!

"அரசாங்கம் போட்ட ரோடு, வேலி கட்ட வேண்டியது அவர்கள் பொறுப்பு" என்று ஒரு நண்பர் வாதாடினார். வேலி போட்டால் சாலைக்கு இந்தப் பக்கத்து மான் அந்தப் பக்கம் போக முடியாது. மேய்ச்சலும் தண்ணீரும் இரண்டு துண்டாகிவிடும். வேகத்தடை போடலாம், போடட்டும். அதுவரை நம் காலுக்கு நாமே தடை.

இன்னொன்று, வழியில் நிறுத்துவது. சவுக்கு நிழலைக் கண்டதும் ஜமக்காளத்தை விரித்துப் புளியோதரையும் தயிர்சாதமும் பிரிப்பது நமக்கு வழக்கம். மிச்சத்தை "பாவம், மான் தின்னட்டும்" என்று ஓரத்தில் கொட்டிவிட்டு வருகிறோம். பிஸ்கெட்டும் போடுகிறோம். அது புண்ணியம் அல்ல. சாலையோரம் தீனி கிடைக்கும் என்று நாம் பழக்கிய மான்தான் நாளை அடுத்த வண்டியில் அடிபடுகிறது. சோற்று வாசனைக்கு வரும் தெருநாய்கள் மானையும் துரத்துகின்றன. கட்டிய பிளாஸ்டிக் பையோடு தின்றுவிட்டால் கேட்கவே வேண்டாம்.

நிறுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஊரும் கடையும் உள்ள இடத்தில் நிறுத்துங்கள். குசபத்ரா நதி கடலில் சேரும் இடத்தில் ராமசண்டி கோயில் இருக்கிறது. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல். அங்கே டீ குடித்து, இளநீருக்கு "பைடா" என்று ஒடியாவில் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். நாலு பேர் பிழைப்பும் நடக்கும். காட்டுக்குள் வண்டியை நிறுத்தாமல் நாற்பதில் போய்ப் பாருங்கள், எண்பதில் காணாத மான் கண்ணில் படும். அந்திக்குப் பிறகு மணலில் வண்டியை இறக்கி விளக்கைப் போடாதீர்கள். இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. பொரித்த குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி எதிர்த்திசையில் போய்ச் சாகும்.

நம் சங்கத்தின் ஆண்டுச் சுற்றுலா இந்த முறையும் கோணார்க் என்று கேள்விப்பட்டேன். செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். பஸ் அரை மணி முன்னதாகக் கிளம்பட்டும். டிரைவரிடம் நாற்பது என்று முதலிலேயே சொல்லிவிடுவோம். மறந்து வேகம் எடுத்தால் எழுந்துபோய்ச் சொல்லும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். இந்த முறை வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன், மாப்பிள்ளையே ஓட்டினாலும் சரி.