கடைமடையிலிருந்து எண்ணுவோம்

கல்முனை, சம்மாந்துறை வட்டைகளுக்குப் பாயும் நீர், மேற்கே இங்கினியாகலையில் தேங்கி நிற்கும் சேனநாயக்க சமுத்திரத்தின் நீராகும். பட்டிப்பளை ஆறென்று நம் முன்னோர் வழங்கிய கல்லோயாவை மறித்துக் கட்டிய குளம் அது. 1949ஆம் ஆண்டில் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. அணை, வாய்க்கால், வீதி, குடியேற்றம், ஆலை எனப் பல படிகளைக் கொண்ட அப்பெருந்திட்டத்தின் பொறியியல் திறனை நான் குறைத்து மதிப்பவனல்லன்.

ஆயினும் முப்பதாண்டுகள் கழிந்தபின் இடதுகரையில் கண்டது என்ன? வாய்க்கால்கள் தூர்ந்தன, மதகுகள் பழுதுற்றன, தலைமடையில் நீர் விரயமாகக் கடைமடை வரண்டது. அணைக்குப் பொறுப்பாளர் இருந்தனர். வயலோரச் சிறு வாய்க்காலை யார் வெட்டித் துப்புரவாக்குவது, யார் எந்த முறையில் நீர் பெறுவது என்பதற்கு எவருமிலர்.

1981இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து, இளம் பட்டதாரிகளை இடதுகரைக் கிராமங்களில் தங்கிப் பணியாற்றச் செய்தன. அவர்கள் சங்கமமைத்துப் பதவி பங்கிட முற்படவில்லை. ஒரு சிறு வாய்க்காலின் விவசாயிகளை ஒன்றுகூட்டினர். முதலில் தூர் அகன்றது. அடுத்து நீர்முறை வகுக்கப்பட்டது. பிரதிநிதிகளும் பெருங்குழுக்களும் அதன் பின்னரே தோன்றின.

1997 சிறுபோகத்தில் குளத்து நீர் நெற்செய்கைக்குப் போதாதென்று கூறப்பட்டது. விவசாயிகளோ முறைவைத்துப் பாய்ச்சி, 65,000 ஏக்கரில் வழமையிலும் நல்ல விளைவு கண்டனர். யுத்தம் நிகழ்ந்த அந்நாளிலும் மேல்மடைச் சிங்கள விவசாயிகள் கீழ்மடைத் தமிழ் விவசாயிகளுக்கு நீர் விட்டனர்.

இதனை இலக்கியப் பக்கத்தில் எழுதுவதற்குக் காரணமுண்டு. நம் ஊர்களில் நூல் வெளியீட்டு விழாவுக்குத் திட்டமிடுகையில் தலைமை யார், பொன்னாடை யாருக்கு என்பவை முதற் கூட்டத்திலேயே தீர்மானமாகின்றன. அந்நூல் எந்த மாணவன் கையைச் சேரும் என்பதோ இறுதிவரை எவர் பொறுப்பிலும் இல்லை. விழா முடிந்து ஆண்டுகள் சென்றும் கட்டுப் பிரியாது செல்லரித்த பிரதிகளை ஓர் அறையின் மூலையில் கண்டேன். அவ்விழாக் குழுவில் நானும் ஓர் உறுப்பினன்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. எப்பணியையும் கடைமடையிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். கடைசி வயலுக்கு நீர் எவ்வாறு சேரும், அதனைச் சேர்ப்பவர் யார் என்பதை முதலில் எழுதி, அவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். மேடையைப் பற்றிப் பின்னர் பேசலாம்.