காய்ச்சல் போனது கஷாயத்தாலா?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் திருநெல்வேலி வட்டாரத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு கேள்வி காதில் விழும்: “நிலவேம்புக் கஷாயம் குடித்தால் டெங்குக் காய்ச்சல் போய்விடுமா?” கேட்பவர் படித்தவராக இருக்கலாம், படிக்காதவராக இருக்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குக் கிடைக்கும் விடைகளோ இரண்டே வகை. “நிச்சயம் போகும், நம் சித்தர்கள் சொன்னது பொய்யாகுமா?” என்பது ஒன்று. “அதெல்லாம் மூடநம்பிக்கை” என்பது மற்றொன்று. இரண்டுமே விஞ்ஞான முறைப்படியான விடைகள் அல்ல என்பது என் கருத்து. மக்களின் கேள்வியை மதித்து, ஆராய்ச்சி செய்து, அதன் முடிவை அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்வதே சரியான விடை.

இந்தக் கேள்வி இங்கே எழுந்ததற்குக் காரணம் உண்டு. 2012-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டறியப்பட்டது. 66 பேர் இறந்தனர். மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது திருநெல்வேலி மாவட்டம். அன்று அம்மாவட்டத்தில் இருந்து, இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ள கடையநல்லூரின் பெயர் நாள்தோறும் செய்தித்தாள்களில் வந்தது. அரசே நிலவேம்புக் குடிநீரை மக்களுக்கு வழங்கியது. 2017-இல் மீண்டும் டெங்கு பெருகியபோது, ஆராய்ச்சி முடிவு தெரியும்வரை அதை வழங்க வேண்டாம் என்று நடிகர் கமல்ஹாசன் தம் இயக்கத்தினரைக் கேட்டுக்கொண்டார். பெரும் சர்ச்சை எழுந்தது. இரு தரப்பாரும் உரக்கப் பேசினர். சர்ச்சை ஓய்ந்தது, கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

நூறு பேர் குடித்தால்...

மாணவர்களே, விஞ்ஞானத்தில் ஒரு கேள்விக்கு விடை தேடும்முன் அந்தக் கேள்வியையே சற்று ஆராய வேண்டும். “கஷாயம் குடித்தேன், காய்ச்சல் போயிற்று” என்று ஒருவர் சொல்கிறார். இரண்டும் உண்மையே. ஆனால் காய்ச்சல் கஷாயத்தால்தான் போயிற்றா?

டெங்கு ஒரு வைரஸ் நோய். அந்த வைரஸில் நான்கு வகைகள் உண்டு. அது உடலில் புகுந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் லேசாகவே வரும். பலருக்கு வந்ததே தெரியாது. காய்ச்சல் வந்தவர்களிலும் பெரும்பாலோர் ஓரிரு வாரங்களில் தாமாகவே குணமடைவர். அவர்களுடைய உடலின் எதிர்ப்பாற்றலே வைரஸை வென்றுவிடுகிறது. ஆகவே டெங்கு நோயாளிகள் நூறு பேருக்குத் தாமிரபரணித் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றிக் கொடுத்தாலும் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வர். “தாமிரபரணித் தண்ணீர் டெங்குவைக் குணமாக்கும்” என்று அதை வைத்து முடிவு கட்டலாமா?

பப்பாளி இலைச்சாற்றுக்கும் இது பொருந்தும். டெங்குவில் இரத்தத் தட்டணுக்கள் குறைவதும், சில நாட்களில் தாமாகவே ஏறுவதும் நோயின் இயல்பு. ஐந்தாம் நாள் சாறு கொடுத்து, ஏழாம் நாள் எண்ணிக்கை ஏறினால், ஏற்றியது சாறா, இயற்கையா? சாறு கொடுத்தவர்களுக்குத் தட்டணுக்கள் சற்று விரைவாக ஏறியதாகச் சில சிறிய ஆய்வுகள் கூறுகின்றன. அதனால் உயிர்கள் காப்பாற்றப்படுகின்றனவா என்பது நிறுவப்படவில்லை.

ஒப்பிட்டுப் பார்ப்பதே வழி

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? வழி எளியது. நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரிக்க வேண்டும். யார் எந்தக் குழு என்பதை மருத்துவரின் விருப்பம் தீர்மானிக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் தற்செயலாக அமைய வேண்டும். இரு குழுக்களுக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. ஒரு குழுவுக்குக் கூடுதலாகக் குடிநீர். மற்றதற்கு அதே நிறமும் கசப்பும் உள்ள வேறொன்று. எத்தனை பேருக்கு நோய் முற்றியது என்பதை இறுதியில் எண்ணிப் பார்க்க வேண்டும். மருந்து பெற்ற குழுவில் அந்த எண்ணிக்கை தெளிவாகக் குறைந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது எனலாம்.

இம்முறை நமக்கு அந்நியமானதன்று. 1956-இல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கப்பட்டது. அக்காலத்தில் காசநோயாளிகள் பலருக்குச் சானடோரியத்தில் படுக்கை கிடைப்பதில்லை. “படுக்கை கிடைக்காத ஏழை என்ன செய்வான்?” என்பது மக்களின் கேள்வி. ஆராய்ச்சியாளர்கள் நோயாளிகளைத் தற்செயல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். ஒரு சாரார் சானடோரியத்தில் ஓய்வும் நல்ல உணவும் பெற்றனர். மற்றவர்கள் தம் சிறு வீடுகளிலேயே, கிடைத்த உணவை உண்டு, அதே மருந்துகளை ஓராண்டு சாப்பிட்டனர். 1959-இல் வெளியான முடிவு உலகை வியக்க வைத்தது. இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். வீட்டிலிருந்த நோயாளியால் குடும்பத்தாருக்கு நோய் அதிகம் பரவவும் இல்லை. காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே உலகெங்கும் மாற்றிய ஆராய்ச்சி அது. அதன் விடை ஏழைகளின் குடிசைகளிலிருந்து கிடைத்தது!

சோதித்தால் பெருமை குறையுமா?

“ஆயிரக்கணக்கான ஆண்டு அனுபவத்தைச் சோதிப்பதா?” என்று சிலர் கோபிப்பர். பொதிகை மலையும் பாபநாசமும் அகத்தியர் பெயரோடு இணைந்தவை. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இவ்வூர் மக்களுக்குச் சித்த மருத்துவத்தின்மேல் பற்று இருப்பது இயல்பே. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். டெங்கு வைரஸ் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது 1943-இல்தான். அதற்கு முன் வாழ்ந்த எந்த மருத்துவரும், எந்த நாட்டினராயினும், டெங்குவை மற்றக் காய்ச்சல்களிலிருந்து உறுதியாகப் பிரித்தறிந்திருக்க முடியாது. ‘சுரம்’ தணிக்கும் என்று முன்னோர் சொன்னது இந்தக் குறிப்பிட்ட வைரஸுக்கும் பொருந்துமா என்பது புதிய கேள்வி. புதிய கேள்விக்குப் புதிய சோதனை வேண்டும்.

சோதனை மூலிகைக்கு இழுக்கு ஆகாது. சர்ப்பகந்தி வேரை நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலம் பயன்படுத்தினர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், இரத்தக் கொதிப்பு நோயாளிகளிடம் அதைச் சோதித்து, 1949-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் முடிவுகளை வெளியிட்டார். அதன் பிறகே அது உலக மருத்துவத்தில் இடம் பெற்றது. சீனாவின் தூ யூயூ பழைய மருத்துவச் சுவடிகளைத் துருவி, ஒரு மூலிகையிலிருந்து மலேரியா மருந்தைப் பிரித்தெடுத்தார். 2015-இல் நோபல் பரிசு பெற்றார்.

நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் என ஒன்பது பொருள்கள் உள்ளன. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களில் இது டெங்கு வைரஸைத் தடுத்ததாக ஆய்வுக் கட்டுரை வெளிவந்துள்ளது. நல்ல தொடக்கம்தான். ஆனால் கண்ணாடித் தட்டில் நடப்பதெல்லாம் மனித உடலில் நடந்துவிடாது. அங்கே வயிறும் கல்லீரலும் இரத்தமும் குறுக்கே நிற்கின்றன. டெங்குவைக் குணமாக்கும் மருந்தாக எம்முறை மருத்துவத்திலும் எதுவும் இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை.

“குடித்தால் என்ன கெட்டுவிடும்?”

இது அடுத்த கேள்வி. கெடுதல் பெரும்பாலும் கஷாயத்தில் இல்லை. அது தரும் தவறான நிம்மதியில் இருக்கிறது. டெங்குவில் ஆபத்தான கட்டம் எது தெரியுமா? காய்ச்சல் கொதிக்கும் நாள் அன்று; காய்ச்சல் இறங்கும் நாள்! நோய் தொடங்கிய மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரையில், சிலருக்கு நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். இரத்த அழுத்தம் சரியும். உடல் தொட்டால் குளிர்ந்திருக்கும். “கஷாயம் வேலை செய்துவிட்டது” என்று பெற்றோர் மகிழும் அந்த நேரத்தில்தான் குழந்தையின் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தக் கசிவு, சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே தகுந்த அளவில் ஏற்றப்படும் திரவமே உயிர் காக்கிறது. கஷாயம் குடித்தவரும் குடிக்காதவரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

“எங்களைச் சோதனை எலிகளாக்குகிறார்களா?” என்றும் சிலர் அஞ்சுகின்றனர். அவர்களைப் பழிக்கக் கூடாது; விளக்கிச் சொல்ல வேண்டும். ஆராய்ச்சியில் சேர்பவரிடம் விவரம் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும்; அவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். இந்தியாவில் 2009 முதல் இத்தகைய சோதனைகளை முன்கூட்டியே பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது விதி. அப்படிப் பதிந்தால், பிடிக்காத முடிவை மறைப்பது கடினம். 2024-இல் இந்தியாவிலேயே உருவான டெங்குத் தடுப்பூசி ஒன்றுக்கு, 10,000-க்கும் மேற்பட்டோரிடம் போலி ஊசியுடன் ஒப்பிடும் பெருஞ்சோதனை தொடங்கியது. ஊசிக்கு அத்தனை கண்டிப்பு என்றால் கஷாயத்துக்கும் அதே கண்டிப்பு வேண்டும். அதுதான் நியாயம்.

திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் பாளையங்கோட்டையில்தான் இருக்கிறது. இரு கல்லூரிகளும் ஒரே ஊரில். நோயும் அதே வட்டாரத்தில். இரண்டும் கைகோத்து ஒரு முறையான சோதனை நடத்தி, முடிவு எதுவானாலும் தமிழில் அச்சிட்டு ஊர்தோறும் தந்தால், அதைவிட நல்ல விடை ஏது? “பலன் உண்டு” என்று வந்தால் உலகமே பயன்பெறும். “பலன் இல்லை” என்று வந்தாலும் நட்டமில்லை; வேறு மருந்தைத் தேடலாம்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வற்றாத ஆறு பக்கத்தில் ஓடினாலும், குழாயில் தண்ணீர் தினமும் வராத வீடுகளில் தொட்டியிலும் டிரம்மிலும் பிடித்து வைக்கிறோம். பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு அங்கேதான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகும். முட்டைகள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவி, மூடி வைக்க வேண்டும்.

இனி யாராவது உங்களிடம் “இந்த மருந்து கேட்குமா?” என்று கேட்டால், சிரிக்கவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டவும் வேண்டாம். “குடித்தவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள்? குடிக்காதவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள்?” என்று திருப்பிக் கேளுங்கள்.