பாத்தி கட்டுவோரும் பக்கங் கட்டுவோரும்

புத்தளத்துக்கு அண்மையிலுள்ள பாலாவி உப்பளங்களை நேயர்களிற் பலர் கண்டிருப்பீர்கள். உவர்நீர் முதலிற் பெரிய தேக்கங்களிற் புகுந்து, பாத்திக்குப் பாத்தி வெயிலில் வற்றிச் செறிந்து, ஜிப்சத்தை வழியிலே படியவிட்டு, ஈற்றிலேதான் உப்பு விளையும் பாத்தியை அடைகின்றது. அயற் பாத்தியின் மட்டத்தையும் வரம்பையும் மடையையும் நோக்கியே ஒவ்வொரு பாத்திக்கும் இடம் வகுக்கின்றனர்.

கணினியிலும் கைத்தொலைபேசியிலும் நாம் காணும் இணையப் பக்கங்களும் பாத்தி கட்டியவையே. பக்கம் ஒரு பெரும் பெட்டி. அதனுள்ளே சிறு பெட்டிகள். அவற்றுள்ளே சொல்லும் படமும் பொத்தானும். இவற்றை ஒழுங்குபடுத்தும் விதிமொழியை நோர்வே நாட்டவரான ஹாக்கோன் வியூம் லீ 1994இல் முன்மொழிந்தார். 1996இல் அதன் முதற் பதிப்பு ஏற்கப்பட்டது.

ஒரு பொருளைப் பெட்டியில் வைக்க இரு வழிகள் முக்கியமானவை. மேலிருந்து இத்தனை புள்ளி, இடமிருந்து இத்தனை புள்ளி என்று அளந்து ஆணியடிப்பது ஒன்று. அங்ஙனம் அடிக்கப்பட்ட பொருள் வரிசையை விட்டு நீங்கிவிடும். அயலிலுள்ளவை அஃது இல்லாததுபோலவே பரவி, அதன் கீழே புகுந்து மறையும். மற்றையது, பொருளை விட்டுப் பெட்டிக்கே விதி சொல்வது: ‘வரிசையாக நிறுத்து, எஞ்சிய வெளியைப் பங்கிடு, இடம் போதாவிடின் அடுத்த வரிக்கு இறக்கு.’ கட்டங்கட்டமாக வகுக்கும் முறை 2017இல் முக்கிய உலாவிகள் யாவற்றுக்கும் வந்து சேர்ந்தது. அதன்பின்னும் ஆணியை நம்புவோர் உளர் என்பதுதான் வியப்பு.

தமிழர்க்கு இதனால் என்னவென்று கேட்கலாம். இலங்கையில் 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஒரே பக்கம் மும்மொழியிலும் நிற்கவேண்டும். ஆங்கிலத்தில் ‘அப்ளை’ என்னும் சிறு சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் ‘விண்ணப்பிக்கவும்’ எங்ஙனம் அடங்கும்? மூன்று சுழி ணகரம் இரண்டே பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும்! மிஞ்சியதை மறைக்கும்படி பெட்டிக்குக் கட்டளையிருந்தால் சொல்லின் வால் அறுபடும்.

அகலத்தினும் உயரமே பெருந் தொல்லை. நம் எழுத்துகளுக்கு மேலே புள்ளியும் சுழியும், கீழே உகரக் கொக்கியும் உண்டு. உயரத்தை எண்ணால் இறுக்கினால் மேற்சுழி வெட்டுண்ணக்கூடும். அச்சுழி போயின் ‘மீன்’ எது, ‘மின்’ எது? கற்பிட்டிக் கடற்றொழிலாளி ஒருவர் மீன் தொடர்பான படிவத்தைத் தேடி மின் கட்டணத்துக்குப் போய்ச் சேரலாம். சிங்களத்துக்கும் மேலுங் கீழுங் குறிகள் உண்டாதலின், இது நமக்கு மாத்திரம் உரிய குறையன்று.

பரிகாரம் கடினமானதன்று. பொத்தானின் அகலத்தையும் உயரத்தையும் எண்ணாற் கட்டாது, ‘இதற்குக் குறையாதே’ என்று மட்டும் விதித்து, உள்ளிருக்கும் சொல் பெட்டியை விரிக்க விடலாம். வரிக்கு வரி இடைவெளியைச் சற்றே கூட்டலாம். பக்கங் கட்டப் பயிலும் மாணவர் மும்மொழியிலும் மிக நீண்ட சொல்லை முதலில் இட்டு, சிறிய கைத்தொலைபேசியொன்றில் திறந்து பார்த்த பின்பே வரம்பு போடுவாராக.