ஓடினால் மட்டும் போதுமா?

இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு (இயற்பியல்)

பழைய கார் என்றாலே நம் செட்டிநாட்டில் ஒரு மயக்கம் உண்டு. பெரிய வீட்டுத் திருமணம் என்றால் முகப்பில் ஓர் அம்பாசிடராவது நின்றாக வேண்டும். சுற்றி வந்து பார்க்கிறோம், தொட்டுப் பார்க்கிறோம், "இந்த வயதிலும் என்ன ஓட்டம் ஓடுகிறது!" என்று வியக்கிறோம். "எப்படி நிற்கிறது?" என்று கேட்டவரை நான் இதுவரை கண்டதில்லை.

எனக்கு அந்தக் கேள்வி வந்ததற்குக் காரணம் உண்டு. என் தந்தை ஒரு வீட்டுக் கார் ஓட்டுநர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் படிப்புச் செலவு ஒரு 1972ஆம் ஆண்டு அம்பாசிடரின் ஸ்டியரிங்கிலிருந்துதான் வருகிறது. சென்ற மே மாதம் முதலாளி வீட்டார் ஐவரை ஏற்றிக்கொண்டு கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டை நோக்கி இறங்கும்போது, பிரேக் பெடல் பஞ்சு போல் உள்ளே போய்விட்டது. அப்பா செகண்ட் கியருக்கு இறக்கி, கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் வண்டியை உரசி நிறுத்தினார். யாருக்கும் காயமில்லை. அரை மணி கழித்து, ஒன்றுமே நடவாதது போல், பெடல் பழையபடி மேலே வந்துவிட்டதாம்!

ஊர் திரும்பியதும் முதலாளி சொன்னது இதுதான்: "பழைய வண்டி அப்படித்தான் இருக்கும். நீதான்பா பார்த்து ஓட்டணும்."

அப்பா தலையாட்டிவிட்டு வந்தார். எனக்கு மட்டும் ஆறவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்களோடு வண்டியின் எடை 1500 கிலோ என்று கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் அதை ஒருமுறை நிறுத்தினால் பிறக்கும் வெப்பம், முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும். இது பெரிய விஷயமில்லை. ஆனால் மலையிலிருந்து 1700 மீட்டர் இறங்கி வருவதற்குள் வண்டி இழக்கும் ஆற்றலோ எண்பது லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது! அதில் ஒரு பங்கைக் காற்றும், கியரில் இருக்கும் இன்ஜினும் வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் பிரேக்கின் தலையில்தான். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவோர் இன்ஜினின் பங்கையும் அதன் தலையிலேயே கட்டுகிறார்கள்.

அம்பாசிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் வழி வந்தது. 2014 வரை வங்காளத்தின் உத்தர்பாராவில் செய்தார்கள். எங்கள் வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக். சூடு ஏறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங்கின் பிடியும் தளரும். ஆனால் அன்று பெடல் பஞ்சானதும், ஆறியபின் தானே திரும்பியதும் வேறொன்றைச் சொல்கின்றன. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. 'டாட் 3' வகையில் புதியது 205 டிகிரி வரை கொதிக்காது என்பது தர அளவு. ஈரம் ஏறியதற்கு அந்த அளவு 140 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவி சேரும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். அப்பாவின் கால் அழுத்தியது அந்த ஆவியைத்தான். அந்த ஆயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை.

முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டுவிட்டால் பாதித் தூரத்தில் வண்டி நிற்கும் என்று நண்பர்கள் சொல்வார்கள். அது கதை. நல்ல டிரம்மும் டயரைப் பூட்டவல்லது. அதற்குமேல் டயருக்கும் சாலைக்கும் உள்ள உராய்வுதான் எல்லை. டிஸ்க்கின் பெருமை வேறு. அது காற்றில் திறந்து கிடப்பதால் விரைவில் ஆறும். பத்தாவது வளைவிலும் முதல் வளைவைப் போலவே பிடிக்கும். 1953இல் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் வென்றது இந்த டிஸ்க்கைக் கொண்டுதான். பிற்கால அம்பாசிடர்களிலும் முன்சக்கர டிஸ்க் வந்தது.

ஒரு சிக்கல் உண்டு. டிரம்மில், சுழலும் டிரம்மே ஷூவைத் தன்னோடு இழுத்து இறுக்க உதவும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. பெடல் கல்லாக இருக்கும். ஆகவே வெற்றிட பூஸ்டரும் வேண்டும். டீசல் இன்ஜின் போட்ட வண்டியாயின் அதற்குத் தனி வெற்றிட பம்ப் வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினால் அந்த உதவியும் சில மிதிகளில் தீர்ந்துவிடும். பாதியை மாற்றி மீதியை விடுவது ஆபத்து.

என்னைக் கேட்டால் டிஸ்க்குக்கு முன்பே செய்ய வேண்டியது மாஸ்டர் சிலிண்டரை மாற்றுவது. எங்கள் வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே இணைப்பு. ஒரு வீல் சிலிண்டரின் ரப்பர் கிழிந்தால் நான்கும் போயிற்று. இரட்டை இணைப்பு இருந்தால் பாதியாவது மிஞ்சும்.

"அசல் கெட்டுவிடும்" என்பதுதான் முதலாளியின் மறுப்பு. அவரது வீட்டின் பர்மாத் தேக்குத் தூண்களுக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் நடுவே மின்கம்பி இழுத்திருக்கிறார்களே, அதனால் வீட்டின் பழமை கெட்டதா? ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கென 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதியும், பெரிய மாற்றம் என்று எடுத்துச் சொல்வது சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றைத்தான். சக்கரத்துக்குள் ஒளிந்திருக்கும் பிரேக்கை எந்தக் கல்யாண வீட்டார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? அசல் வண்டி வேண்டும் என்பவர் முன்சீட்டில் அமர்ந்து ஒருமுறை மலையிறங்கி வரட்டும். அசலான மனிதர்கள் ஆறு பேர் அதில் இருந்தார்கள்.

இதை அவ்வளவு துணிவாக அவரிடம் நான் சொல்லவில்லை. கணக்கை ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்தனுப்பினேன். "படிச்ச புள்ள சொல்லுது" என்று அப்பா அதை நீட்டினாராம். ஆயில் மாற்றவும் புது லைனிங் போடவும் சம்மதம் கிடைத்தது. தீபாவளி விடுமுறையில் நானே பெடலை மிதித்து மிதித்து, அப்பா சக்கரத்தடியில் படுத்து ஏர் எடுத்தார். பழைய ஆயில் டீ டிக்காஷன் நிறத்தில் வந்தது.

மாஸ்டர் சிலிண்டருக்கும் டிஸ்க்குக்கும் இன்னும் பதில் வரவில்லை. வரும் மே மாதம் மீண்டும் கொடைக்கானல் என்று சொல்லியிருக்கிறார்கள்.