அம்மாவின் மறதியும் படிக்கல்லும்



களுதாவளையில் எங்கள் வளவில் வெற்றிலைக் கொடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். "மனே, தம்பி இன்னும் வரல்லியா? சோறு ஆறப்போகுது" என்று அம்மா கேட்டார். தம்பி 1990இல் காணாமற்போனவன். அவனுக்கென்று அம்மா சோறு எடுத்துவைப்பது புதிதல்ல. ஆனால் இப்போது அடுப்பை மூட்டியதையும் மறந்துவிடுகிறார். இது துயரமா, மறதி நோயா?

லண்டனிலுள்ள மச்சாள், "முதுகிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்றார். பயந்துபோய் வைத்தியரிடம் விளக்கம் கேட்டேன். பிறகு தேடியும் படித்தேன்.

மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்து ஒரு தெளிந்த நீர் இருக்கிறது. சிசேரியனுக்கு விறைப்பூசி போடும் கீழ்முதுகிலேதான் அதை எடுக்கிறார்கள். முண்ணாண் அதற்கு மேலேயே முடிந்துவிடும். சிலருக்குச் சில நாள் தலையிடி இருக்கும். அல்சைமர் எனும் மறதி நோயில் அந்த நீரில் அமைலோயிட் பீட்டா 42 என்ற புரதம் குறையும், டௌ என்ற புரதம் கூடும்.

ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டுமே! அமைலோயிட் புரதம் சில வகைக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அப்போது அளவு குறைந்து, நோயில்லாதவரும் நோயாளியாகத் தெரிவார். ஒரே நீருக்கு ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் வேறு வேறு எண் வந்ததால், ஒரே மாதிரியைப் பல நாடுகளுக்கு அனுப்பி ஒப்பிடும் திட்டம் 2009இல் சுவீடனின் கோதென்பர்க்கிலிருந்து தொடங்கியது. 2017இல் ஐரோப்பிய ஆணைக்குழுவின் ஆய்வு மையம், அமைலோயிட் அளவு உறுதிசெய்யப்பட்ட மூன்று மாதிரி நீர்களை வெளியிட்டது. சந்தையில் முத்திரை குத்திய படிக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்ப்பதில்லையா? அதைப் போலத்தான்.

2022 மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இத்தகைய ஒரு பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தது. அதற்குமுன் 292 மாதிரிகளை மூளைப் படத்துடன் ஒப்பிட்டார்கள். புரதப் படிவு உண்டு என்று பரிசோதனை சொன்னவர்களில் 97 வீதமானோருக்குப் படத்திலும் இருந்தது. இல்லை என்று சொன்னவர்களில் 84 வீதமானோருக்கே படத்திலும் இல்லை. ஆகவே இதை மட்டும் வைத்து முடிவு சொல்லக்கூடாது என்றும் அந்த நிர்வாகம் எச்சரித்தது.

வைத்தியர் அம்மாவுக்கு முதுகில் ஊசி போடச் சொல்லவில்லை. தைரொயிட், விற்றமின் பி12 ஆகியவற்றுக்கு இரத்தம் எடுக்கச் சொன்னார். என்னென்ன மருந்து குடிக்கிறார், உறக்கம் எப்படி, மனச்சோர்வு உண்டா என்றும் விசாரித்தார். இவையும் மறதியைத் தரக்கூடியவை. பலவற்றுக்கு மருந்து உண்டு. அம்மாவுக்குத் தைரொயிட் குறைவு என்று தெரிந்தது. குளிசை தொடங்கிச் சில மாதங்களில் அடுப்பு நினைவில் நிற்கத் தொடங்கியது.

தம்பியை மட்டும் இன்னும் கேட்கிறார். அது நோயல்ல சகோதரிகளே, அது தாய்.

உங்கள் வீட்டிலும் முதியவர் மறந்தால், "வயசு போயிற்று" என்றோ "யோசனையால்தான்" என்றோ விட்டுவிடாதீர்கள். குடிக்கும் மருந்துகளையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு, எப்போதிருந்து எதை மறக்கிறார் என்று எழுதியும் கொண்டு வைத்தியரிடம் போங்கள். எந்தப் பரிசோதனை சொன்னாலும், "இது எதைக் காட்டும், எதைக் காட்டாது?" என்று கேளுங்கள். கேட்பது நமது உரிமை.

அடுத்த இதழில் சந்திப்போம்.