கணக்குக் காட்டாத நகரம்

தைத் திங்களில் காஞ்சி வரதராசப் பெருமாள் ராஜகுளத்துக்கு எழுந்தருளித் தெப்பம் காண்பார். சுற்றுவட்டாரத்து ஊர்கள் அன்று குளக்கரையில் கூடும். ராஜகுளம் வழியாகத்தான் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை செல்கிறது. முகூர்த்த நாள்கள் நெருங்கினால் தலைநகரின் மகிழுந்துகள் காஞ்சியின் பட்டுக்கடைகளை நோக்கி அச்சாலையில் விரைகின்றன. பொழுது சாயப் பைகளோடு திரும்புகின்றன. அவற்றில் அமர்ந்திருப்போருக்கு ராஜகுளம் ஒரு பெயர்ப்பலகை மட்டுமே.

இசை, ஓவியம், உடை, விருந்து என்று நகரம் தன் வாழ்க்கை நயத்தை எண்ணிப் பெருமை கொள்கிறது. பெருமை கொள்ளட்டும். ஆனால் அந்த நயத்தின் முதல் எங்கிருந்து வந்தது என்னும் கணக்கை அது ஒருநாளும் காட்டியதில்லை. அக்கணக்கைக் கேட்கும் உரிமை காஞ்சி வட்டாரத்துக்கு உண்டு.

இசையிலிருந்து தொடங்குவோம். 1927-இல் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக, மறு ஆண்டு மியூசிக் அகாதெமி தோன்றியது. மார்கழிக் கச்சேரிகள் நகரின் அடையாளமாக வளர்ந்தது அதன் பின்னரே. அதற்கு முன்பே காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை லயத்தைக் கரைகண்டிருந்தார். மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் எனப் பக்கவாத்தியங்கள் அணிவகுக்க அவர் பல்லவி பாடிய கச்சேரிகளை 'ஃபுல் பெஞ்ச்' என்றே இசையுலகம் அழைத்தது. அவற்றைக் கேட்டுக் கேட்டே தம் ஞானத்தைப் பெருக்கிக்கொண்ட சிறுமி, 1919-இல் காஞ்சியில் பிறந்த தாமல் கிருஷ்ணசாமி பட்டம்மாள். பல்லவி ஆடவர்க்கே உரியது என்றிருந்த வழக்கைப் பின்னாளில் மாற்றியவர் அவர். நாட்டியக் கலைஞர் பாலசரசுவதி ஏழு வயதில், 1925-இல், அரங்கேறியதும் காஞ்சிபுரத்து அம்மன் கோயிலில்தான். இவ்விருவரையும் சென்னை தன் புகழ்மணிகளாகப் போற்றுகிறது. ஒருவர் செவியைப் பழக்கி, மற்றவர் காலை அரங்கேற்றிய ஊரையோ மறந்துவிட்டது.

உடையின் கதையும் இதுவே. கோர்வைச் சேலை என்பது கரை ஒரு நிறமும் உடல் ஒரு நிறமுமாக, மூன்று நாடாக்கள் ஓட, இழையோடு இழை கோத்து நெய்வது. தறியில் ஒருவர் போதாது. கரையின் நாடாவைத் தள்ள மற்றொருவர் வேண்டும். முந்தானையின் பாவை உடலின் பாவோடு இணைப்பது பெட்னி. ஒரு சேலை இறங்கப் பல நாள் உழைப்பு வேண்டும். எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்த நீலத்தை 'எம்.எஸ். நீலம்' என்று உலகம் அறியும். அந்நீலத்தை நெய்தளித்த காஞ்சிபுரத்து முத்துச் செட்டியாரை அறிந்தோர் எத்தனை பேர்? நிறத்துக்குப் பாடகியின் பெயர் வாய்த்தது. நெய்த கைக்கு வாய்க்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஒழுக்கத்தையும் அதே நகரம் அறிந்தே இருக்கிறது. மேல்தட்டு விருந்துகளில் திராட்சை மதுவைச் சுவைப்பது இன்று ஒரு கல்வியாகவே ஆகிவிட்டது. எந்தப் பள்ளத்தாக்கு, எந்த ஆண்டின் விளைச்சல், எவர் வடித்தது என்று குப்பியின் முகச்சீட்டைப் படித்த பின்னரே கிண்ணத்தைத் தொடுகிறார்கள். பிரான்சின் ஷாம்பெய்ன் வட்டாரத்தில் விளையாத மதுவுக்கு அப்பெயர் சூட்ட ஐரோப்பியச் சட்டம் இடந்தராது. உலக வணிக அமைப்பின் அறிவுச்சொத்து உடன்படிக்கையும் ஊர்ப்பெயர்களைக் காப்பதில் மதுவகைகளுக்கெனத் தனி மிகைக்காவலை வகுத்திருக்கிறது. நம் நாட்டில் 1999-இல் இயற்றிய புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ் நாசிக் பள்ளத்தாக்கு ஒயினும் காஞ்சிபுரம் பட்டும் ஒரே ஏட்டில் பதிவு பெற்றவை. ஆயினும் மதுக்குப்பியைத் திருப்பிப் பார்க்கும் கை, பெருவிலைப் பட்டை வாங்கும்போது நெய்தவர் யாரென்று கேட்பதில்லை.

நகரம் ஒன்றுமே தரவில்லை என்று சொன்னால் அது அறமாகாது. 1936-இல் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி, மறுஆண்டே அங்குத் தறிகளை அமைத்துப் பழைய கரைகளையும் நிறக்கூட்டுகளையும் மீட்டெடுத்தார். நாட்டியத்தையும் நெசவையும் ஒரே கலையின் இரு கிளைகளாகக் கண்ட பார்வை அது. ஊர்க்கலையைத் தீண்டாமல் பழையபடியே வைத்திருக்க வேண்டும் என்பதும் நம் கருத்தன்று. நெசவாளரின் மகன் தறிக்குழியை விட்டுத் திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குச் செல்வதைக் குறைகூற எவருக்கும் தகுதியில்லை. மாதம் தவறாத ஊதியத்தைத் தறி அவனுக்குத் தந்திருந்தால் அவன் போயிருக்கமாட்டான்.

கூத்தின் நிலையையும் நோக்க வேண்டும். காஞ்சியை அடுத்த புஞ்சரசந்தாங்கலில், பெருங்கலைஞர் பெ. இராசகோபாலின் முயற்சியால் கட்டைக்கூத்து குருகுலம் 2002 முதல் இயங்கியது. பெண்பிள்ளைகளும் கட்டை கட்டி ஆடக் கற்ற பள்ளி அது. 2020-இல் அது மூடப்பட்டது. விடிய விடிய ஆடும் கலைக்கு நகரத்து மேடை ஒரு மணி நேரத்தை ஒதுக்குகிறது. அதை வளர்த்த பள்ளிக்கு ஒரு நிலைத்த கொடையை ஒதுக்கவில்லை.

எனவே நாம் கேட்பவை மூன்று. முதலாவது, கைத்தறிக்கென ஒதுக்கிய பொருள்களைக் காக்கும் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வர வேண்டும். 1993-இல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்த சட்டம் அது. விசைத்தறிச் சேலை கைத்தறிப் பெயரில் விலைபோகிறது என்னும் நெசவாளர் முறையீடு இனியும் கோப்புகளில் உறங்கலாகாது. இரண்டாவது, காஞ்சிப் பட்டு ஒவ்வொன்றும் நெய்தவர் பெயரையும் நெய்த ஊரையும் தாங்கி வர வேண்டும். அதைக் கூட்டுறவுச் சங்கங்கள் தொடங்கினால் தனியார் கடைகள் தொடரும். மூன்றாவது, மார்கழியில் பெருநிதி திரட்டும் சபைகள், அந்நிதியில் ஒரு பங்கைக் காஞ்சி வட்டாரத்து ஊர்களில் கச்சேரிக்கும் கூத்துப் பயிற்சிக்கும் எழுதி வைக்க வேண்டும். ராஜகுளத்துத் தெப்பக்கரையில் ஒரு பல்லவி ஒலித்தால் அது தாய்வீட்டுக்குச் செய்யும் சீர். எவரும் அதைத் தானம் என்று எண்ண வேண்டா.

காஞ்சிக்குத் தெற்கே உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் கோயிற்சுவரில் நிற்கின்றன. குடவோலைத் தேர்தலின் விதிகளை வகுத்த 919, 921-ஆம் ஆண்டுகளின் சாசனங்கள் அவை. வாரியத்தில் பொறுப்பேற்றிருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் நெருங்கிய உறவினரையும் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்று ஒதுக்குகிறது அவ்விதி. ஊர்ப்பொதுவை ஆண்டவர் ஊருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இம்மண் கண்ட முறை. தமிழர்தம் பண்பாட்டுப் பொதுச்செல்வத்தை ஒரு நூற்றாண்டாக ஆண்டுவருகிறது நகரம். அதன் பெயரெழுதிய ஓலையைக் குடத்தில் இடுமுன் உத்திரமேரூர்ச் சபை கேட்டிருக்கக்கூடிய கேள்வியையே நாமும் கேட்கிறோம்: கணக்கு எங்கே?